காலடியில் ஒரு கலைக்கூடம்

"சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்" என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. உடல்நலத்தைப் பேண வேண்டும் என்பதற்கு எடுத்துக்காட்டாக இதனை நாம் வகுப்பறையில் அடிக்கடி கேட்டிருக்கிறோம். ஆனால் சுவர் வேறு, சித்திரம் வேறு என்று பிரிக்காமல், சுவரையே சித்திரமாகவும் தரையையே ஓவியமாகவும் ஆக்கிக்கொண்ட மக்களும் உலகில் உண்டு. அவர்கள் இத்தாலி நாட்டினர். களிமண்ணைச் சதுரப் பலகையாக வார்த்து, சுட்டு, அதன்மேல் பால்போன்ற வெண்மெருகு பூசி, வண்ணம் தீட்டி, மறுபடியும் சுட்டு எடுக்கும் ஓடுகளை அவர்கள் 'மயோலிக்கா' என்று அழைக்கிறார்கள். ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்நாட்டின் கோயில்களிலும், கன்னியர் மடங்களிலும், மாளிகைகளிலும், வீடுகளின் அடுப்பங்கரைகளிலும் இவ்வோடுகள் இடம்பெற்று வந்திருக்கின்றன.

இன்று நம் ஊரில் புது வீடு கட்டுவோர் பலரும் ஆர்வத்துடன் பேசுவது 'டைல்ஸ்' பற்றியே. அதிலும் 'இத்தாலியன்' என்று சொல்லிவிட்டால் போதும், அந்த ஓட்டுக்குத் தனி மதிப்பு வந்துவிடுகிறது. ஆகவே உண்மையான இத்தாலிய ஓடு எது, அது எவ்வாறு உருவாகிறது, அது ஆடம்பரமா அல்லது அவசியமா என்று நாம் சற்றுச் சிந்தித்துப் பார்ப்பது நல்லது. "மிதித்து நடக்கும் தரைக்கு இத்தனை அலங்காரம் எதற்கு? வெள்ளையடித்த சுவரும் சிமெண்டுத் தரையும் போதாவா?" என்று கேட்போர் உண்டு. அவர்கள் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் என் கருத்து வேறு. அதைச் சொல்லுமுன் ஓட்டின் கதையைக் கூறிவிடுகிறேன்.

கடல் கடந்து வந்த வெண்மை

இக்கலை இத்தாலியில் பிறந்ததன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் இராக் நாட்டுக் குயவர்கள் சீனாவிலிருந்து வந்த வெண்மையான பீங்கான் கலங்களைக் கண்டு வியந்தனர். அவ்வாறு செய்ய ஆசைப்பட்டனர். ஆனால் பீங்கானுக்கு வேண்டிய வெள்ளை மண் அவர்களிடம் இல்லை. இருந்ததெல்லாம் சாதாரணக் களிமண்தான். அவர்கள் மனம் தளரவில்லை. ஈயம் கலந்த மெருகில் வெள்ளீயத்தின் சாம்பலைச் சேர்த்தனர். கண்ணாடிபோல் தெளிவாக இருந்த மெருகு, பால்போல் வெளுத்தது. பழுப்பு நிற மண் அதனடியில் மறைந்தது. இல்லாததை நினைத்து ஏங்காமல், இருப்பதைக் கொண்டு வழி கண்ட அறிவு இது.

அந்த நுட்பம் எகிப்து, வட ஆப்பிரிக்கா வழியாக அரபியர் ஆண்ட ஸ்பெயினுக்குச் சென்றது. ஸ்பெயினின் கலங்கள் மயோர்கா தீவின் வழியாகக் கப்பலேறி இத்தாலிக்கு வந்தன. அந்தத் தீவின் பெயரே 'மயோலிக்கா' என்று மருவியது என்பர். பதினைந்தாம் நூற்றாண்டில் ஃபயென்சா, தெரூத்தா முதலிய இத்தாலிய ஊர்கள் இக்கலையில் தலைசிறந்து விளங்கின. ஃபயென்சாவின் புகழ் எவ்வளவு பரவியது என்றால், பிரெஞ்சு மொழியில் இவ்வகைக் கலங்களுக்கே 'ஃபயான்ஸ்' என்று பெயர் வந்துவிட்டது.

தோழியரே, இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. கிறிஸ்தவ ஆலயங்களின் தரையை அழகு செய்த நுட்பம், இஸ்லாமியக் கைவினைஞர் கண்டுபிடித்தது. அதற்குத் தூண்டுகோலாக இருந்தது சீனரின் கலை. 'எங்கள் கலை' என்று எந்த நாடும் மார்தட்டிக்கொள்ளுமுன், அதில் எத்தனை நாடுகளின் கடன் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இருமுறை நெருப்பு

மயோலிக்கா ஓடு செய்வது பொறுமைக்கு ஒரு சோதனை. முதலில் களிமண்ணை நீரில் கரைத்து, கல்லும் வேரும் நீக்கி வடிகட்டுகிறார்கள். பிறகு அதை மரச்சட்டத்தில் அழுத்திச் சதுரமாக வெட்டி, நிழலில் உலர்த்துகிறார்கள். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் ஓடு வளைந்துவிடும். நன்கு உலர்ந்தபின் சூளையில் ஏறத்தாழ 1000 டிகிரி வெப்பத்தில் சுடுகிறார்கள். அதன்பின் மெருகுக் கரைசல் பூசப்படுகிறது. ஓடு அந்த நீரை உடனே உறிஞ்சிக்கொள்ள, மேலே வெண்ணிறப் பொடி படிந்து நிற்கும்.

அந்தப் பொடியின்மேல்தான் ஓவியம் தீட்ட வேண்டும். பூவும் கொடியும் வரைந்த காகிதத்தில் கோடுகளை ஒட்டி ஊசியால் துளையிட்டு, ஓட்டின்மேல் வைத்து, கரித்தூள் கட்டிய துணியால் தட்டினால் புள்ளி புள்ளியாக வடிவம் பதியும். அந்தப் புள்ளிகளை வழிகாட்டியாகக் கொண்டு தூரிகை செல்கிறது. நீலத்திற்குக் கோபால்ட், பச்சைக்குச் செம்பு, மஞ்சளுக்கு ஆன்டிமனி, கருஞ்சிவப்பு ஊதாவுக்கு மாங்கனீசு, செம்மஞ்சளுக்கு இரும்பு என்று உலோகங்களே வண்ணங்களாகின்றன. தூரிகை தொட்டவுடன் வண்ணத்தைப் பொடி குடித்துவிடும். தேர்வுத் தாளில் நாம் அடித்துத் திருத்தி எழுதலாம். இங்கே அடித்தலும் இல்லை, திருத்தலும் இல்லை. மேலும், தீட்டும்போது மங்கலாகத் தெரியும் கோபால்ட், சூளையிலிருந்து வெளிவரும்போதுதான் நீலமாக ஒளிர்கிறது. ஓவியர் தம் கண்ணால் காணாத நிறத்தை மனத்தால் கண்டு தீட்ட வேண்டும்!

பிறகு இரண்டாம் முறை சூளை. இதற்கு முதல் முறையைவிடச் சற்றுக் குறைந்த வெப்பம் போதும். ஆனால் ஆபத்து அதிகம். வெப்பம் மிகுந்தால் வண்ணம் வழியும். குறைந்தால் மெருகு ஒளிராது. சிப்பிரியானோ பிக்கொல்பாஸ்ஸோ என்பவர் 1557-ஆம் ஆண்டையொட்டிக் குயவர் கலையைப் பற்றி மூன்று பகுதிகள் கொண்ட நூல் ஒன்றைப் படங்களுடன் எழுதினார். மண் எடுப்பது முதல் சூளை கட்டுவது வரை எல்லாவற்றையும் விளக்கும் அவர், சூளைக்குத் தீ மூட்டுமுன் முழு மனத்துடன் இறைவனை வேண்டிக்கொள்வதையும் குறிப்பிடுகிறார். பல நாள் உழைப்பை ஒரே இரவில் நெருப்பின் கையில் ஒப்படைப்பவருக்கு வேண்டுதல் தவிர வேறு துணை ஏது?

மடத்துச் சுவருக்குள் உலகம்

மயோலிக்கா ஓட்டின் மிகச் சிறந்த இருப்பிடங்களுள் ஒன்று கன்னியர் மடம் என்பது நம் பள்ளி வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும். நேப்பிள்ஸ் நகரில் புனித கிளாராவின் பெயரால் அமைந்த சாந்தா கியாரா மடம் 1310-இல் கட்டத் தொடங்கப்பட்டது. அதைக் கட்டுவித்தவர்கள் ராபர்ட் அரசரும் அவர் துணைவி சாஞ்சாவும். சாஞ்சா மயோர்கா அரச குடும்பத்தில் பிறந்தவர். ஓட்டுக்குப் பெயர் தந்த தீவின் அரச குடும்பத்தைச் சேர்ந்த அரசி எழுப்பிய மடத்திலேயே பிற்காலத்தில் அந்த ஓடுகள் அழகுடன் வீற்றிருக்கின்றன!

1739 முதல் 1742 வரையிலான ஆண்டுகளில், மடத்தலைவியின் விருப்பப்படி, தோமெனிக்கோ அந்தோனியோ வக்காரோ என்ற கலைஞர் மடத்தின் உள்முற்றத்தைப் புதுப்பித்தார். ஓடுகளைச் செய்தவர்கள் தொனாத்தோ மாஸ்ஸா, ஜுசெப்பே மாஸ்ஸா ஆகியோர். எண்கோண வடிவிலான 64 தூண்களில் திராட்சைக் கொடிகளும் மலர்க்கொடிகளும் கனிகளும் சுற்றிப் படர்கின்றன. தூண்களை இணைக்கும் நீண்ட இருக்கைகளின் சாய்மானத்தில் சிற்றூர்களும், துறைமுகமும், மீனவரும், வேட்டையும், நடனமாடும் உழவரும் தீட்டப்பட்டுள்ளனர். ஓரிடத்தில் கன்னி ஒருவர் பூனைகளுக்கு உணவளிக்கும் காட்சியும் இருக்கிறது.

அம்மடத்துக் கன்னியர் அடைபட்ட மடத்தின் ஒழுங்கை ஏற்றவர்கள். உள்ளே வந்தபின் வெளியுலகிற்குச் செல்லாதவர்கள். துறைமுகத்தையும் வயலையும் இனி காணமாட்டோம் என்று அறிந்தே வந்தவர்கள். அவர்களுக்காக ஓட்டின் வழியாக உலகமே உள்ளே வந்து அமர்ந்துவிட்டது. அவர்களுள் பலர் பிரபுக் குடும்பங்களில் பிறந்தவர்கள். ஆகவே இத்தகைய அழகுக்குப் பொருள் இருந்தது என்று ஒருவர் வாதிடலாம். உண்மைதான். ஆனால் அவர்கள் பொன்னும் வெள்ளியும் பதிக்கவில்லை, களிமண்ணைப் பதித்தார்கள். ஏழ்மை வாக்குறுதி அழகை வெறுக்கச் சொல்லவில்லை. அழகை விலைகொண்டு மதிப்பிடும் பழக்கத்தையே வெறுக்கச் சொல்கிறது என்பது என் எண்ணம்.

1943-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4-ஆம் நாள் இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அந்த ஆலயம் தீப்பற்றி எரிந்தது. உள் அலங்காரத்தின் பெரும்பகுதி அழிந்தது. பத்து ஆண்டுகள் கழித்து 1953-இல்தான் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது. முற்றத்து ஓடுகளோ பெரும்பாலும் தப்பிவிட்டன. இன்றும் அங்குச் செல்வோர் அத்தூண்களைக் காணலாம். இருமுறை நெருப்பில் வெந்த பொருளுக்கு அது மூன்றாவது நெருப்பு போலும்!

மிதிக்க இயலாத தரையும் மிதிபடாத ஓடும்

காப்ரி தீவில் அனகாப்ரி என்ற ஊர் உண்டு. அங்குள்ள அதிதூதரான புனித மிக்கேல் ஆலயத்தின் தரை முழுவதும் ஒரே ஓவியம். 1761-இல் லெயொனார்தோ கியாயேசே என்பவர் செய்த அத்தரையில் ஏதேன் தோட்டமும், அதன் விலங்குகளும், ஆதாமும் ஏவாளும் தோட்டத்தை விட்டு வெளியேற்றப்படும் காட்சியும் விரிந்து கிடக்கின்றன. அதைக் காணச் செல்வோர் ஓரமாக இட்ட மரப்பலகைகள்மேல் நடக்க வேண்டும். மாடியில் ஏறி மேலிருந்தும் பார்க்கலாம். நடப்பதற்காகப் போட்ட தரையில் இன்று யாரும் நடக்க இயலாது.

இதைப் படிக்கும்போது எனக்கு மகிழ்ச்சியோடு ஒரு கேள்வியும் எழுந்தது. மிதித்தால் தேயும் பொருளைத் தரையில் ஏன் பதிக்க வேண்டும்? மயோலிக்கா மெருகு கண்ணாடி போன்றது. மணல் ஒட்டிய காலடிகள் பல ஆண்டுகள் பட்டால் ஓவியம் தேய்ந்துதான் போகும்.

இந்தக் கேள்விக்குச் சிசிலித் தீவு விடை சொல்கிறது. கால்தஜிரோனே என்ற குயவர் நகரில் சாந்தா மரியா தெல் மோந்தே ஆலயத்திற்கு ஏறும் 142 படிகள் உள்ளன. அப்படிக்கட்டு 1606-இல் அமைக்கப்பட்டது. 1954-இல் ஒவ்வொரு படியின் முகப்பிலும் மயோலிக்கா ஓடுகள் பதிக்கப்பட்டன. எந்த இரண்டு படிகளும் ஒன்றுபோல் இல்லை. பத்தாம் நூற்றாண்டிலிருந்து இருபதாம் நூற்றாண்டு வரை அத்தீவில் வழங்கிய வடிவங்கள் அவற்றில் வரிசையாக வருகின்றன. கால் வைக்கும் இடம் கருங்கல். கண் படும் இடம் ஓடு. ஏறுவோர் காலால் மிதிப்பதில்லை. ஆனால் கண்ணால் காணாமல் ஏறவும் முடியாது. ஜூலை 24, 25 ஆகிய நாள்களில் புனித யாக்கோபின் திருவிழாவில் அப்படிகளெங்கும் ஆயிரக்கணக்கான சிறு விளக்குகளை ஏற்றுகிறார்கள். எதை எங்கே வைக்க வேண்டும் என்ற அறிவும் அழகின் ஒரு பகுதிதானே?

தெரூத்தா ஊருக்கு அருகிலுள்ள ஒரு தேவதாய் ஆலயத்தைப் பற்றியும் கூறாமல் விட மனமில்லை. உடைந்த மயோலிக்காக் கிண்ணம் ஒன்றின் அடித்துண்டில் தேவதாயும் குழந்தையும் தீட்டப்பட்டிருந்தன. அத்துண்டு ஓர் ஓக் மரத்தில் வைக்கப்பட்டிருந்தது. 1657-இல் ஒரு சிறு வியாபாரி, நோயுற்ற தம் மனைவிக்காக அதன்முன் வேண்டிக்கொண்டார் என்றும், வீடு திரும்பியபோது அவள் நலமடைந்திருந்தாள் என்றும் அவ்வூர் வரலாறு கூறுகிறது. நன்றிக்கடனாக அவர் ஓர் ஓட்டில் அந்நிகழ்ச்சியைத் தீட்டச் செய்து அங்கே வைத்தார். அவரைப் பின்பற்றி மக்கள் வைத்த நேர்ச்சை ஓடுகள் இன்று 700-க்கும் மேல். மரத்திலிருந்து விழுந்து பிழைத்தவர், வண்டி கவிழ்ந்து தப்பியவர், நோய்ப்படுக்கையிலிருந்து எழுந்தவர் என்று சாதாரண மக்களின் வாழ்க்கையே அச்சுவர்களில் பதிந்திருக்கிறது. ஒருவருக்கு ஓர் ஓடு. அந்த ஓர் ஓட்டில் ஒரு குடும்பத்தின் கண்ணீரும் நன்றியும் அடங்கிவிடுகின்றன. இந்த 'ஓர் ஓடு' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வேண்டியிருக்கும்.

ஆடம்பரமா, சிக்கனமா?

இனி என் கருத்துக்கு வருகிறேன். நல்ல கைவினை ஓடு ஆடம்பரம் அன்று என்பதற்கு மூன்று காரணங்கள் சொல்வேன்.

முதலாவது, அதன் ஆயுள். பிளாரன்ஸ் நகரில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக ஓர் இல்லம் கட்டப்பட்டது. 1445-இல் அது தன் முதல் குழந்தையை ஏற்றது. அது ஒரு பெண் குழந்தை. அந்த இல்லத்தின் முகப்பில், துணியில் சுற்றப்பட்ட பச்சிளங் குழந்தைகளின் உருவங்களை நீல வட்டங்களுக்குள் 1487-ஐயொட்டி அந்திரேயா தெல்லா ரோபியா சுடுமண்ணில் செய்து வெண்மெருகிட்டு வைத்தார். அவர் சிறிய தந்தை லூக்கா தெல்லா ரோபியா வளர்த்த நுட்பம் அது. ஐந்நூறு ஆண்டுகள் கடந்தும் அந்த வெண்மையும் நீலமும் மங்கவில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சாயம் பூசும் சுவரையும், தலைமுறைகள் கடந்தும் நிறம் மாறாத ஓட்டையும் ஒப்பிட்டால் எது சிக்கனம்?

இரண்டாவது, தூய்மை. அடுப்புப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படியும் சமையலறைச் சுவரில் மெருகு ஓடு இருந்தால் ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தால் போதும். நேப்பிள்ஸ் பகுதி மக்கள் 'ரிஜ்ஜோலா' என்று அழைக்கும் தங்கள் ஓடுகளை அடுப்பங்கரையிலும், தரையிலும், திண்ணை ஓரத்திலும் பதித்தது வெறும் அழகுக்காக மட்டும் அன்று. வெப்பம் மிகுந்த தென் இத்தாலியில் அவை வீட்டைக் குளிர்ச்சியாகவும் வைத்தன. வீட்டைத் துடைக்கும் வேலை யார் தலையில் விழுகிறது என்பதை நம் தாய்மாரைக் கேட்டால் தெரியும். அவர்களுக்கு ஒரு மணி நேர வேலையைக் குறைக்கும் பொருளை ஆடம்பரம் என்று ஒதுக்குவது எளிது. துணியைக் கையில் பிடித்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும்.

மூன்றாவது, அது கற்பிக்கும் பாடம். பழைய இத்தாலிய ஓடுகள் பலவற்றில் ஓர் ஓட்டில் முழுப் பூ இருக்காது. கால் பூ மட்டுமே இருக்கும். நான்கு ஓடுகளைச் சேர்த்தால்தான் பூ மலரும். ஒன்றைத் திருப்பி வைத்தால் பூ கெட்டுவிடும். கூட்டுவாழ்வுக்கு இதைவிட நல்ல உவமை உண்டா? 1962-இல் சொரெந்தோ நகரில் ஒரு விடுதியைக் கட்டிய ஜியோ போந்தி என்ற கட்டடக் கலைஞர், நீலமும் வெண்மையும் மட்டுமே கொண்ட 30 வகை ஓடுகளை வரைந்து, அவற்றை மாற்றி மாற்றி அடுக்கி 100 அறைகளுக்கும் வெவ்வேறு தரை அமைத்தார். குறைந்த பொருளில் நிறைந்த வகை காண்பது செல்வத்தால் வருவதன்று, சிந்தனையால் வருவது.

பெயர் எழுதிய கைகள், நடுங்கிய கைகள்

இவ்வளவு சொன்ன நான், ஓட்டின் மறுபக்கத்தைச் சொல்லாவிட்டால் அது நேர்மை ஆகாது.

போலோஞா நகரின் புனித பெத்ரோனியோ பேராலயத்தில் ஒரு சிற்றாலயத்தின் தரை 1487-இல் ஃபயென்சாக் குயவர்களால் போடப்பட்டது. அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறுகோண ஓடுகள் உள்ளன. பேத்ரூஸ் அந்திரேயா என்ற குயவரின் பெயரோடு கொர்னேலியா, செத்தீலா என்ற பெண்களின் பெயர்களும் ஓடுகளில் எழுதப்பட்டுள்ளன. அவர்கள் பட்டறையில் தூரிகை பிடித்தவர்களாக இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. பெயருக்கு மேல் வேறு எதுவும் அவர்களைப் பற்றித் தெரியாது. ஆனால் அந்தப் பெயர்களாவது நிலைத்தன. பெயரே எழுதப்படாமல் மண் பிசைந்த, மெருகு அரைத்த, சூளைக்கு விறகு சுமந்த பெண்கள் எத்தனை பேரோ?

அவர்கள் அரைத்த மெருகில் ஈயம் இருந்தது. அது மெல்லக் கொல்லும் நஞ்சு. மோதெனாவுக்கு அருகில் பிறந்த பெர்னார்தீனோ ராமத்சீனி என்ற மருத்துவர் 1700-இல் தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் குயவர்களைப் பற்றியும் எழுதினார். ஈயத்தை அரைத்தும் குழைத்தும் பூசியும் வந்த அவர்களுடைய கைகள் முதலில் நடுங்கின, பின்பு முடங்கின, பற்கள் விழுந்தன, முகம் பிணம்போல் வெளுத்தது. நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்ற கேள்வியையும் மருத்துவர் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார்.

அந்தக் கேள்வியை வீடு கட்டும் நாமும் கேட்க வேண்டும் என்பேன். அழகான பொருளைக் கண்டவுடன் "என்ன விலை?" என்று கேட்கிறோம். "இதைச் செய்தவர் யார்? அவர் நலமாக இருக்கிறாரா?" என்று கேட்கிறோமா? இன்று ஈயம் கலவாத மெருகுகள் உள்ளன. பல பட்டறைகள் அவற்றுக்கு மாறியுள்ளன. ஆனால் களிமண் தூளும் மெருகுத் தூளும் இன்றும் நுரையீரலுக்குப் பகையே. முகமூடியும் காற்றோட்டமும் இல்லாத பட்டறையிலிருந்து வரும் மலிவான ஓடு உண்மையில் மலிவன்று. அதன் மீதி விலையை வேறொருவர் தம் உடலால் கட்டுகிறார்.

அச்சடித்த அழகு

அதே மோதெனாப் பகுதியில் உள்ள சஸ்ஸுவோலோ இன்று உலகப் புகழ்பெற்ற ஓட்டுத் தொழில் நகரம். இயந்திரங்கள் மண்தூளை அழுத்தி, மெருகிட்டு, நீண்ட சூளைகளில் சுட்டுத் தள்ளுகின்றன. பூவும் கொடியும் மரத்தின் ரேகையும் பளிங்கின் நரம்பும் கணினி மூலம் ஓட்டின்மேல் அச்சாகின்றன. நம் நாட்டில் குஜராத்தின் மோர்பியிலும் இவ்வாறே நடைபெறுகிறது.

இதை நான் குறை கூறமாட்டேன். இயந்திரம் வந்ததால்தான் எளிய குடும்பங்களின் குளியலறையிலும் சமையலறையிலும் கழுவித் துடைக்கக்கூடிய சுவர் வந்தது. கைவினை ஓடு மட்டுமே உண்டு என்றால் அந்தத் தூய்மை செல்வருக்கே உரியதாகியிருக்கும். நான் மறுப்பது ஒன்றே ஒன்றைத்தான்: அச்சடித்ததைக் கையால் தீட்டியது என்று சொல்லி விற்பதும், அதை அறிந்தே வாங்கிப் பெருமை பேசுவதும். பத்து ஓடுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். கையால் தீட்டியவற்றில் எந்த இரண்டு இதழும் ஒன்றுபோல் இருக்காது. ஓரிடத்தில் தூரிகை அழுத்தமாகவும் ஓரிடத்தில் மெலிந்தும் சென்றிருக்கும். அச்சடித்தவற்றில் கை நடுங்கியது போன்ற கோடு இருந்தாலும், அதே நடுக்கம் அதே இடத்தில் மறுபடியும் மறுபடியும் வரும். இயந்திரம் தன் வேலையை ஒளிக்காமல் செய்யும்போது அது நல்ல பணியாளன். கையின் முகமூடியை அணியும்போது பொய்யன்.

நம் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைக் கட்டியோர் இத்தாலியிலிருந்து பளிங்கையும், ஐரோப்பாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் மெருகு ஓடுகளையும் தருவித்தனர். ஆனால் நடக்கும் தரைக்கு ஆத்தங்குடியில் உள்ளூர் மணலும் சிமெண்டும் வண்ணமும் கொண்டு, சூளையே இல்லாமல், கையால் வார்த்த ஓடுகளையும் பதித்தனர். அயல்நாட்டு அழகைப் போற்றியதால் உள்ளூர்க் கையை அவர்கள் மறந்துவிடவில்லை.

ஓர் ஓடு போதும்

எனவே என் முடிவு இதுதான். வீடு முழுவதும் இத்தாலிய ஓடு பதிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கடன் வாங்கிப் பதிக்கும் தரையில் நிம்மதியாக நடக்க முடியாது. பக்கத்து வீட்டாரின் தரையைப் பார்த்து நம் தரையைப் பெயர்ப்பது அறிவீனம். எளிய, உறுதியான, துடைக்கத்தக்க தரை எல்லா வீட்டுக்கும் வேண்டும். அதை இயந்திரம் தரட்டும். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஏதேனும் ஓரிடத்தில், வாசற்படியின் முகப்பிலோ, அடுப்புக்கு மேலோ, செபம் சொல்லும் இடத்திலோ, ஒரு மனிதக் கை செய்த ஓர் ஓடாவது இருக்கட்டும். கால்தஜிரோனே மக்களைப் போல, கால் படாமல் கண் படும் இடத்தில் அது இருக்கட்டும். தெரூத்தா மக்களைப் போல, அந்த ஓர் ஓடு நம் குடும்பத்தின் நன்றியைச் சொல்லட்டும். அதற்குரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுப்போம். செய்தவர் பெயரை அதன் மூலையில் எழுதச் சொல்வோம்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீடு கட்டும்போது தரையைப் பற்றித் தந்தையும் கொத்தனாரும் மட்டும் பேசி முடிவு செய்யாதீர்கள். அதைத் துடைப்பவரையும், அதில் உட்கார்ந்து படிப்பவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். எத்தனை ஓடு வேண்டுமோ அதைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்கி வையுங்கள். பின்னர் உடைந்தால் அதே வகை கிடைக்காது. கைவினை ஓட்டை அமிலம் ஊற்றிக் கழுவாதீர்கள்; ஐந்நூறு ஆண்டுகள் வாழ வேண்டிய மெருகை ஐந்து நிமிடத்தில் கெடுத்துவிடலாம்.

தோழியரே, உங்களுக்கும் ஒரு சொல். கைவேலை வகுப்பு என்றால் மதிப்பெண் இல்லாத வகுப்பு என்று நாம் அதை அலட்சியம் செய்கிறோம். இராக்கின் குயவர் வெள்ளீயத்தைக் கலந்ததும், மாஸ்ஸா குடும்பத்தார் சுட்டெடுத்த தூண்களில் திராட்சை படர்ந்ததும், கொர்னேலியாவும் செத்தீலாவும் தம் பெயரை விட்டுச் சென்றதும் கைவேலையால்தான். அதில் வேதியியல் இருக்கிறது, கணிதம் இருக்கிறது, வரலாறு இருக்கிறது, பொறுமை என்னும் புண்ணியமும் இருக்கிறது. உங்களுள் யாரேனும் நாளை கட்டடக் கலைஞராகலாம், வேதியியல் அறிஞராகலாம், மருத்துவராகலாம். அப்போது ஓர் அழகிய சுவரைக் கண்டால் அதன் அழகோடு நின்றுவிடாமல், அதைச் செய்த கையையும் தேடிப் பாருங்கள். அந்தக் கை நடுங்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று எண்ணுங்கள்.

மண் எளியது, காலடியில் கிடப்பது. நெருப்பையும் பொறுமையையும் ஏற்றுக்கொண்டால் அதுவே ஐந்நூறு ஆண்டுகள் ஒளிவிடும். மண்ணுக்கே அது இயலும் என்றால் மனிதருக்கு இயலாதா? நம் இல்லங்கள் தூய்மையால் மிளிரட்டும். உழைப்பவரை மதிக்கும் மனத்தால் அவை இன்னும் அதிகமாக மிளிரட்டும்!